மாட்டுக்காக ஒரு கோட்டை

ராயக்கோட்டை என்றதும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தக்காளி. "இன்னிக்கு ராயக்கோட்டையில ரேட் என்ன?" என்று கேட்காத தக்காளி விவசாயி தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இருக்க மாட்டார். ஊருக்கு அந்தப் பெயரைக் கொடுத்த கோட்டை தலைக்கு மேலேயே நிற்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே தெரியும். ஆனால் நிமிர்ந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம், வேலை ஓசூரில். பஸ்ஸோ ரயிலோ, எதில் போனாலும் இந்தக் குன்றின் காலடியைச் சுற்றித்தான் போக வேண்டும். ரொம்ப நாள் வரை எனக்கும் அது "ஊர் வரப்போகுது" என்று சொல்லும் ஓர் அடையாளம், அவ்வளவுதான். அப்புறம், மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு நடத்திய மைசூர்ப் போர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, திரும்பத் திரும்ப இந்தப் பெயர் வந்தது. ஹைதர், கார்ன்வாலிஸ், ஹாரிஸ், வெல்லஸ்லி என்று பெரிய பெயர்கள் எல்லாம் ராயக்கோட்டையைக் கடந்து போகிறார்கள். ஏன் எல்லாரும் இந்த வழியாகவே போனார்கள் என்று பார்க்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நிலம். ஓசூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி 500 மீட்டர் பக்கம். நடுவில் மைசூர் பீடபூமி உடைந்து கீழே இறங்குகிறது. பழைய வருவாய்க் கணக்குகளில் இதற்கு அழகான பிரிவு உண்டு: மலைக்கு மேலே உள்ள ஓசூர்ப் பக்கம் பாலகாட், கீழே கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கம் பாராமகால், அதற்கும் தெற்கே சேலம், நாமக்கல் பக்கம் தலகாட். இதை அனுபவிக்க வரைபடம் வேண்டாம். மார்கழியில் ஓசூரில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறினால் ராயக்கோட்டை தாண்டிக் கீழே இறங்கும்போது கழற்றிவிடுவீர்கள்.

தென்பெண்ணையும் இதே இறக்கத்தில்தான் இறங்குகிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்கு விளிம்பை ஒட்டி வந்து, ஓசூருக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ராயக்கோட்டைக்கு வடக்கே மலைகளுக்கு நடுவில் வழி பிடித்து, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் என்று பாராமகாலுக்குள் பரவுகிறது. அப்புறம் சாத்தனூர் வழியாகக் கடலூர்ப் பக்கம் கடல். சுற்றிலும் மலை, நடுவில் ஆறு பாயும் தாழ்நிலம், இதுதான் பாராமகால். இந்தத் தாழ்நிலத்தில் நெல் விளையும், மேலே பீடபூமியில் கேழ்வரகு. மேலே இருந்து கீழே வரவும், கீழே இருந்து மேலே போகவும் கணவாய்கள் சிலதான். பாலக்கோட்டிலிருந்து ஏறும் கணவாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது ராயக்கோட்டை. கீழே ஆற்றுச் சமவெளியின் நடுவில், கிருஷ்ணகிரி ஊரின் தலைக்கு மேலேயே நிற்கிறது கிருஷ்ணகிரி மலைக்கோட்டை. ஒன்று மாடிப்படியின் மேல் வாசல் என்றால் இன்னொன்று கீழ் வாசல்.

பாராமகால் என்றால் 12 கோட்டை. சென்னபட்டணத்தை ஆண்ட ஜகதேவராயர் தன் சீமையைக் காக்க 12 மலைகளில் கோட்டை கட்டினார் என்பது வழக்கு. எந்தப் பன்னிரண்டு என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். எல்லாப் பட்டியலிலும் கிருஷ்ணகிரி வந்துவிடும், மற்றவை முன்னே பின்னே இருக்கும். இந்த எண்ணிக்கைச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. இவ்வளவு சின்ன நிலப்பரப்பில் அத்தனை கோட்டை ஏன் தேவைப்பட்டது என்பதுதான் கேள்வி.

"எல்லையைக் காக்க" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்தக் கோட்டைகள் காத்தது மாடுகளை. இன்னும் சரியாகச் சொன்னால், மாடுகள் போகிற வழியை.

தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போனவர்களுக்கு நடுகற்கள் ஞாபகம் இருக்கும். கையில் வில்லும் கத்தியுமாக வீரன், பக்கத்தில் சின்னதாக மாடுகள், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில் எந்த ஊர்த் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டு இவன் பட்டான் என்று ஒரு வரி. செங்கத்திலிருந்து ஓசூர் வரை இந்தப் பக்கத்து வயல் வரப்புகளிலும் புளியமரத்தடிகளிலும் இவை இன்னும் கிடைக்கின்றன. தொல்காப்பியத்தின் புறத்திணையே வெட்சியில், அதாவது ஆநிரை கவர்வதில் தொடங்குகிறது. போர் வேண்டுமென்றால் முதலில் எதிரியின் மாட்டை ஓட்டிக்கொண்டு போ. பள்ளியில் படித்தபோது இதை ஏதோ பழங்கால வழக்கம் என்றுதான் நினைத்தேன்.

1767 ஆகஸ்டில் அதேதான் நடந்தது. கம்பெனிப் படை பாராமகாலுக்குள் புகுந்து கிருஷ்ணகிரிக் கோட்டையை அடைத்துக்கொண்டு நின்றது. கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமை. ஹைதர் அலி மேலே பீடபூமியிலிருந்து கணவாய் இறங்கி வந்தார். பீரங்கி முழங்கவில்லை, அணிவகுப்பும் இல்லை. அவருடைய குதிரைக்காரர்கள் மேய்ந்துகொண்டிருந்த கம்பெனி மாடுகளை வளைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போர் தொடங்கிவிட்டது என்று ஸ்மித்துக்குத் தெரிந்ததே அப்படித்தான். மாடு போனதும் படை நின்ற இடத்திலேயே நின்றது. பீரங்கியை இழுப்பது மாடு, அரிசி மூட்டை சுமப்பது மாடு. அது இல்லாமல் அசைய முடியாது. அந்த இடைவெளியில் ஹைதர் தென்பெண்ணைக் கரையில் இருந்த காவேரிப்பட்டணத்தைப் பிடித்தார். செங்கத்துக்கும் திருவண்ணாமலைக்கும் போர் நகர்ந்தது அதற்குப் பிறகுதான். நடுகல்லில் இருக்கும் சித்திரத்துக்கும் இதற்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. நிலம் அதே நிலம், தந்திரமும் அதே தந்திரம்.

கிருஷ்ணகிரிக் கோட்டை அந்தப் போரில் 1768 மே மாதம் கம்பெனி வசம் வந்தது. ஏறித் தாக்கிப் பார்த்தது முதல் வருஷமே பலிக்கவில்லை. சுற்றி அடைத்து வைத்துத்தான் பணிய வைத்தார்கள். அடுத்த வருஷம் சமாதானம், பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள், கோட்டை மறுபடியும் ஹைதருக்கு.

ராயக்கோட்டையின் கதை 1791-இல் சூடு பிடிக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போர். ஹைதர் இறந்து திப்பு ஆண்டுகொண்டிருந்த காலம். கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் தானே படை நடத்தி வந்தார். அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்தாரே, அதே கார்ன்வாலிஸ். மார்ச் 21 இரவு பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். அடுத்து ஸ்ரீரங்கப்பட்டணம் என்று கிளம்பினார். மே 15-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்திலேயே நடந்த சண்டையில் ஜெயிக்கவும் செய்தார். தலைநகரம் கண்ணுக்கு எதிரே இருந்தது.

அடுத்த வாரமே, மே 22-ஆம் தேதி, தன்னுடைய முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்தார். சில நாளில் திரும்பி நடந்தார்.

காரணம், மாடு செத்துப் போனது. திப்பு வழியெல்லாம் புல்லையும் வைக்கோலையும் எரித்து வைத்திருந்தார். மழை வேறு முன்னாலேயே பிடித்துக்கொண்டது, நோயும் பரவியது. ஆயிரக்கணக்கில் மாடுகள் விழுந்தன. பெரிய பீரங்கிகளைக் கடைசியில் சிப்பாய்களே கயிறு கட்டி இழுத்தார்கள். முகாமில் அரிசி தீர்ந்துகொண்டே வந்தது. சண்டையில் ஜெயித்த படை பசியில் தோற்றுத் திரும்பியது. திரும்பும் வழியில் மராத்தியப் படை எதிரே வந்து சேர்ந்ததால்தான், அவர்களுடைய சந்தையில் என்ன விலை கொடுத்தாவது தானியம் வாங்கி உயிர் பிழைத்தார்கள். திப்புவின் வீரம் பற்றி எழுதுகிறவர்கள் புலி, வாள், ராக்கெட் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எரிந்த வைக்கோல்போரைப் பற்றி யாரும் பாட்டு எழுதுவதில்லை. 1791-இல் அவரைக் காப்பாற்றியதில் பெரிய பங்கு அந்த வைக்கோலுக்குத்தான்.

கார்ன்வாலிஸுக்குப் பாடம் புரிந்தது. அடுத்த முறை போவதற்கு முன்னால் சோற்றுக்கு வழி செய்ய வேண்டும். சோறு சென்னையிலிருந்து வர வேண்டும், பாராமகால் வழியாக மேலே ஏறி வர வேண்டும். அப்படியென்றால் கணவாய் தன் கையில் இருக்க வேண்டும். ஜூலை மாதம் மேஜர் கௌடி என்பவரை ஒரு பிரிகேடோடு முன்னால் அனுப்பினார். ஓசூரில் சண்டையே இல்லை, திப்புவின் ஆட்கள் கோட்டையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ராயக்கோட்டையில் அப்படி இல்லை.

இங்கே கோட்டை இரண்டு அடுக்கு. மலையடியில் ஒன்று, உச்சியில் ஒன்று. ஜூலை 20 விடியற்காலையில் கௌடியின் ஆட்கள் கீழ்க்கோட்டைக் கதவை உடைத்து உள்ளே புகுந்தார்கள். ஓடியவர்களைத் துரத்திக்கொண்டே போய் நடு மதில்களையும் பிடித்தார்கள். ஆனால் உச்சிக் கோட்டை அப்படி மடங்கக்கூடியதில்லை. உறுதியோடு உட்கார்ந்திருந்தால் மாதக்கணக்கில் தாங்கியிருக்கலாம். இரண்டு நாள் கழித்துக் கார்ன்வாலிஸின் முழுப் படையும் தூரத்தில் தெரிந்ததும், கோட்டைத் தலைவரான கில்லேதார் பேரம் பேசினார். தன் சொத்துக்குக் கைவைக்கக் கூடாது, தன் குடும்பத்தோடு ஆற்காட்டுச் சீமையில் போய்க் குடியிருக்க விட வேண்டும். சரி என்றார்கள். கோட்டை கைமாறியது.

அந்தக் கில்லேதாரைத் துரோகி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கணவாய் போச்சு, கீழ்க்கோட்டை போச்சு, மேலே இருக்கிற தானியம் எத்தனை நாளுக்கு என்று அவருக்குத்தான் தெரியும். குடும்பத்தைக் கீழே இறக்கிக் கொண்டு போக அவர் கேட்டதும், திப்புவின் ஆட்சி எட்டாத ஊருக்குத்தான். கோட்டையை விட்டுக்கொடுத்த அதிகாரி திப்பு கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சுற்றியிருந்த சின்னச் சின்ன துர்க்கங்கள் அடுத்தடுத்து விழுந்தன. வழி திறந்தது. ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஆம்பூர்ப் பக்கமிருந்து ஒரு சரக்கு வரிசை கார்ன்வாலிஸின் முகாமுக்கு வந்து சேர்ந்தது. 100 யானைகள் இரண்டிரண்டாக, முதுகில் பணப்பெட்டிகள். 6,000 மாடுகள், முதுகில் அரிசி. 100 வண்டிகளில் சாராயம். அதற்குப் பின்னால் தலைச்சுமையாகக் கூலியாட்கள் நூற்றுக்கணக்கில். எதிர்ப்பே இல்லாமல் வந்து சேர்ந்தது. மே மாதம் பீரங்கியை உடைத்துவிட்டு ஓடிய அதே படை அடுத்த பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டண மதிலடியில் நின்றது என்றால், நடுவில் நடந்த முக்கியமான காரியம் இதுதான். ராயக்கோட்டையைப் பிடித்தது வெற்றி வரிசையில் ஒரு சின்ன வரி. ஆனால் அந்த 6,000 மாடும் மேலே ஏறுவதற்கு அந்த வரி தேவைப்பட்டது.

மலை ஏறுவது பெரிய கஷ்டமில்லை. பாறையில் வெட்டிய படிகள், நடுநடுவே படி தேய்ந்து வெறும் வழுக்குப் பாறை. இந்தியத் தொல்லியல் துறையின் நீலப் பலகை கீழேயே வரவேற்கும். பாதி தூரத்தில் மதில் தொடங்குகிறது. அடியில் பெரிய பெரிய உருண்டைக் கற்களை இருக்கிற வாக்கிலேயே மதிலோடு சேர்த்திருக்கிறார்கள். பாறை இருக்கிற இடத்தில் மதிலே இல்லை, பாறைக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அடைத்திருக்கிறார்கள். கோட்டையில் பாதியை மலையே கட்டிக் கொடுத்துவிட்டது என்று சொல்லலாம். மேலே செங்கலும் சுண்ணாம்புமாக இடிந்த சில கட்டடங்கள். எது கிடங்கு, எது சிப்பாய்கள் தங்கின இடம் என்று சொல்ல யாருமில்லை. ஒரு சுவரில் சுண்ணாம்புப் பூச்சு இன்னும் வழுவழுவென்று இருந்தது. அதில் ஆணியால் கீறி, இதயப் படத்துக்குள் இரண்டு பெயர்.

நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது சுனைப் பக்கம். பாறைப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சரிவான பக்கத்தில் கல் அடுக்கி, தண்ணீர் வழிந்து போகாமல் அணை கட்டியிருக்கிறார்கள். கற்களின் இடுக்கில் இன்னும் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருக்கிறது, நகத்தால் சுரண்டினால் வரவில்லை. தண்ணீர் பச்சை. ஓரத்தில் ஆட்டுக் குளம்படி. இந்தப் பள்ளம் வற்றினால் மேலே இருக்கிற பீரங்கி வெறும் இரும்பு. மதிலை விட இதைத்தான் கவனமாகக் கட்டியிருப்பார்கள் என்று தோன்றியது.

ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் வந்து என்னையும் என் பையையும் பார்த்தார்.

"பொதையல் பாக்க வந்தியா தம்பி?"

"இல்லீங்க தாத்தா, சும்மா கோட்டை பாக்க."

"கோட்டையில இன்னா கீது? கல்லுதான் கீது." கொஞ்சம் நேரம் கழித்து அவரே, "அப்டி சொல்லினுதான் வருவாங்க. ராத்திரி கடப்பாரையோட வருவாங்க" என்றார். கையை நீட்டிக் காட்டினார். ஒரு மதிலடியில் ஆள் இடுப்பளவுக்குப் பள்ளம்.

"எதாச்சும் கெடச்சுதா?"

"கெடச்சா சொல்வானா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். நான் சுனையைக் காட்டி வற்றுமா என்று கேட்டேன். சித்திரையிலும் நிற்கும் என்றார். தமிழில் என்னோடு பேசிவிட்டு ஆடுகளைத் தெலுங்கில் திட்டிக்கொண்டே போனார். இந்தப் பக்கத்தில் இது சகஜம். வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, கோபத்துக்கு ஒரு மொழி.

கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பற்றியும் சொல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். அதே 1791, நவம்பர் 7 இரவு. கர்னல் மாக்ஸ்வெல் பென்னாகரத்தைப் பிடித்த கையோடு கிருஷ்ணகிரிக்கு வந்தார். பேட்டையைப் பிடித்தார்கள், ஏணி வைத்துக் கீழ்க்கோட்டையையும் பிடித்தார்கள். மேலே ஓடினவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே ஓடி, அவர்களோடு சேர்ந்து உச்சி வாசலுக்குள் நுழைந்துவிடலாம் என்பது திட்டம். மயிரிழையில் தப்பியது, கதவு சாத்தப்பட்டது. ஏணிகள் வந்து சேர நேரமானது. வந்ததும் மேலே இருந்து பாறைகளை உருட்டிவிட ஆரம்பித்தார்கள். ஏணியும் நொறுங்கியது, ஏறினவர்களும் நொறுங்கினார்கள். இரண்டு மணி நேரம் திரும்பத் திரும்ப முயன்றுவிட்டுப் பின்வாங்கினார்கள். போகும்போது பேட்டையைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். மலைமேல் இருந்தவர்களிடம் ஏமாந்த கோபத்தை மலையடியில் குடியிருந்தவர்கள் மேல் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பேட்டைதான் இன்றைய பழையபேட்டை. அங்கே கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அப்பவும் எங்களுக்குத்தானா?" என்றார்.

கிருஷ்ணகிரி மலையின் மேல் நின்றால் உருட்டுவதற்குக் கல்லுக்குப் பஞ்சமில்லை என்பது புரியும். வெறும் பாறை, செங்குத்து. மேலே தர்கா இருப்பதால் ஏறுகிறவர்கள் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் போனால் கே.ஆர்.பி. அணைப் பக்கம் தண்ணீர் வெளுப்பாகத் தெரியும், பெங்களூர் நெடுஞ்சாலையும் தெரியும். 1957 வாக்கில் கட்டிய அணை. 2017 நவம்பரில் அதன் மதகுகளில் ஒன்று உடைந்து, சேர்த்து வைத்த தண்ணீர் கண்ணெதிரே போனது. விவசாயிகள் வயிறெரிந்து பேசியதை இப்போதும் கேட்கலாம்.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு பாதி நாட்டைக் கொடுத்தார். பாராமகால் கம்பெனிக்கு, அதோடு கணவாய் வாசலான ராயக்கோட்டையும். தாக்கிப் பிடிக்க முடியாத கிருஷ்ணகிரி காகிதத்தில் வந்து சேர்ந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். கீழே உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் உழுகிறவனிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இவர்கள் தொடங்கியது இங்கேதான். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தில் பெரும்பகுதிக்கும் அதுவே முறையானது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

அடுத்த 7 வருஷம் ராயக்கோட்டை நிஜமாகவே எல்லைக் கோட்டை. கோட்டை கம்பெனியுடையது, கொஞ்சம் மேற்கே போனால் திப்புவின் ஓசூர். இன்று நான் டீ குடிக்க இறங்கும் கெலமங்கலம் அன்று வெளிநாடு.

1799-இல் கடைசிப் போர். ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து கிளம்பி, ஆம்பூரில் நிஜாமின் படையைச் சேர்த்துக்கொண்டு, பாராமகால் வழியாக மார்ச் 4-ஆம் தேதி ராயக்கோட்டை அருகே முகாமிட்டது. மறுநாள் எல்லையைத் தாண்டியது. நிஜாம் படைப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தவர் ஆர்தர் வெல்லஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன். இந்தத் தடவையும் மாடுகள் சாகத்தான் செய்தன, திப்புவின் குதிரைப்படை புல்லை எரிக்கத்தான் செய்தது. ஆனால் பின்னால் பாராமகால் இருந்தது. வரி வசூலித்துக்கொண்டிருந்த ரீட் இப்போது படைக்குத் தானியம் சேர்த்து அனுப்பும் வேலையில் இறங்கினார். லம்பாடிகளின் பொதிமாடுகள் கூட்டம் கூட்டமாகப் போயின. மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார்.

போர் முடிந்து திப்புவின் நாட்டைப் பங்கு போட்டபோது ஓசூர்ச் சீமையும் கம்பெனிக்கு வந்து, சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. எல்லை ராயக்கோட்டையை விட்டு மேற்கே நகர்ந்து ஓசூருக்கு அப்பால் போய் நின்றது. இன்று ஜூஜுவாடியில் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்துக்குப் பக்கம் ஓடும் தமிழ்நாடு–கர்நாடக எல்லையின் கதை அங்கே தொடங்குகிறது. கன்னடமும் தெலுங்கும் பேசும் ஓசூர் ஏன் தமிழ்நாட்டில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் 1799-ஐத்தான் கைகாட்டுவேன். அந்தக் கணக்கில் யாரும் எந்த மொழியையும் பார்க்கவில்லை. படைக்கு ஏறும் வழி கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் பார்த்தார்கள்.

எல்லை நகர்ந்ததும் கோட்டைக்கு வேலை போய்விட்டது. வழிக்கு வேலை போகவில்லை. அடுத்த நூற்றாண்டின் பஞ்சங்களுக்குப் பிறகு, தானியம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று இந்தப் பக்கம் பஞ்ச நிவாரண ரயில் பாதைகள் போட்டார்கள். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் குறுகிய பாதை, 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அதைப் பிடுங்கியும் எடுத்துவிட்டார்கள். பின்னால் போட்ட சேலம்–பெங்களூர் பாதையும் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை என்று அதே ஏற்றத்தில்தான் ஏறுகிறது. மலை வேறு வழி விடவில்லை.

இப்போது எல்லைச் சண்டை தண்ணீருக்கு. பெங்களூர்க் கழிவோடு வரும் தென்பெண்ணை, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் சோப்பு நுரையாகப் பொங்கி நிற்கும் படத்தை மழைக்கு மழை செய்தியில் பார்க்கிறோம். தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கோலார் மாவட்டத்து யார்கோளில் கர்நாடகம் அணை கட்டியது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பரில் தடை கிடைக்கவில்லை, நடுவர் மன்றம் கேட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அணை எழும்பிவிட்டது. கார்ன்வாலிஸுக்குக் கணவாய் எவ்வளவு முக்கியமோ, இன்று கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை விவசாயிக்கு அந்த மேல்மடை அவ்வளவு முக்கியம். வித்தியாசம், இதை எந்த மலைமேல் நின்றும் காவல் காக்க முடியாது.

போக நினைக்கிறவர்களுக்கு: ராயக்கோட்டைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி மூன்றிலிருந்தும் பஸ் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட பிறகு, தை வரைக்கும் நல்ல காலம். பங்குனிக்கு மேல் பாறை அடுப்பாகிவிடும். காலை ஏழு மணிக்கு முன்னால் ஏறத் தொடங்குங்கள், தண்ணீர் கொண்டு போங்கள், மேலே கடை கிடையாது. இரண்டு கோட்டையையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முழங்கால் சம்மதிக்காது. ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால், ஏறும் சவாலுக்குக் கிருஷ்ணகிரி, கதைக்கு ராயக்கோட்டை. கடப்பாரையோடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே இருந்த பணமெல்லாம் 1791-இலேயே கில்லேதாரோடு ஆற்காட்டுச் சீமைக்கு இறங்கிப் போய்விட்டது. வீணாகத் தோண்டாதீர்கள்.